மூன்று பந்தும் ஓர் எள்ளும்

இன்ஷிராஹ் என்றால் நெஞ்சு விரிதல் என்று பொருள். கவலையெல்லாம் விட்டு நெஞ்சு அகலமாகிற அந்த நல்ல நேரத்துக்குப் பெயர் அது. அலெக்சாந்திரியாவில், துறைமுகத்தை ஒட்டிய பஹரி வட்டாரத்தில், இந்தப் பெயர் அவளுக்குப் பொருந்தவில்லை என்று சொன்ன ஆள் கிடையாது. நெஞ்சும் அகலம், உடம்பும் அகலம், வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அவளுக்கு அறுபத்தோரு வயது. கல்யாண உடுப்பு வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தாள். கடையில் மொத்தம் பதினோரு வெள்ளை உடுப்புகள். மீன்காரன் மகளும் அதைத்தான் உடுத்திக்கொண்டாள், கஸ்டம்ஸ் குமாஸ்தா மகளும் அதைத்தான் உடுத்திக்கொண்டாள். உடுப்பைக் கொடுத்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிற ரகமில்லை இன்ஷிராஹ். குழம்பு சிந்தாமல், சிகரெட் நெருப்பு படாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று உடுப்போடு தானும் கிளம்பிப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவாள். சாப்பிட்ட கையோடு எழுந்து நின்று, வாயருகே கையைக் குவித்து, ஒரு குலவை போடுவாள் பாருங்கள், கடலில் நிற்கிற படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான். போகப்போக, குலவைக்காக அவளைக் கூப்பிட்டு, கூப்பிட்ட மரியாதைக்காக உடுப்பை எடுக்கிறவர்கள்தான் அதிகமாகிப் போனார்கள்.

இதைக் கண்டு வயிறெரிந்தவள் ஒருத்தி உண்டு. பக்கத்துக் கடை பஹிகா. அழகு நிலையக்காரி. மணப்பெண்ணின் தலை அவளுடையது, கழுத்துக்குக் கீழே இன்ஷிராஹுடையது என்று ஒரு ஒப்பந்தம் இருந்தது. தலையில் செருகி முதுகில் தொங்குகிற முக்காடு மட்டும் யாருடைய எல்லை என்று இருபத்திரண்டு வருடமாகத் தீரவில்லை. பஹிகாவும் குலவை போடுவாள். நன்றாகவே போடுவாள். ஆனால் இன்ஷிராஹ் இருக்கும் பந்தலில் இரண்டாவதாகத்தான் அவளால் நிற்க முடிந்தது. அந்தக் கடுப்பை அவள் மறைத்ததும் இல்லை.

இன்ஷிராஹுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். அதாவது, அவளே ஒப்புக்கொள்வது ஒன்று. உடுப்பு மாற்றும் திரைக்குப் பின்னால் ஒரு ஷீஷா வைத்திருந்தாள். தண்ணீர்க் குடுவையும் நீளக் குழாயும் தலையில் கரியுமாக அது ஆப்பிள் புகை விட்டுக்கொண்டே இருக்கும். முப்பது வருடப் பழக்கம். யாருக்கும் தெரியாது என்பது அவள் நம்பிக்கை. அந்த வட்டாரத்தில் கல்யாணமான பெண்கள் அத்தனை பேரும் தங்கள் கல்யாண நாளை ஆப்பிள் வாசனையோடுதான் நினைவு வைத்திருந்தார்கள்.

ஒருநாள் ஒரு பெண்ணுக்கு உடுப்பின் இடுப்பைச் சுருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாயில் நான்கு குண்டூசி. இருமல் வந்தது. இருமி முடித்துப் பார்த்தால் மூன்று குண்டூசிதான் இருந்தது. தரையில் தேடினார்கள், மடிப்பில் தேடினார்கள், காணோம். பெண் அலற, பெண்ணின் தாய் அலற, பஹிகா ஓடிவந்து, "முழுங்கிட்டாடி! ஊசிய முழுங்கிட்டா! இனிமே குலவை போட்டா ஊசி ஊசியா வரும்!" என்று தெருவுக்கே சேதி சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஊசி இல்லை. அது அவள் காலர் மடிப்பிலேயே செருகியிருந்தது. ஆனால் படத்தில், வலது பக்கம், மேலே, கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அதற்கப்புறம் இன்னொரு படம், ஒரு குழாய் விட்டுப் பார்த்தது, சதை எடுத்துப் பரிசோதித்தது என்று மூன்று வாரம் ஓடியது. புற்று. நல்ல வேளையாக வேறெங்கும் பரவவில்லை.

அறுவை செய்யும் பெரிய டாக்டர் வெள்ளை மீசைக்காரர். ஒளிவு மறைவில்லாமல் பேசினார்.

"வலது நுரையீரல்ல மேல் பாகத்த எடுத்துடலாம். எடுத்துட்டா பொழச்சுக்குவீங்க. ஆனா மிச்சம் இருக்கறது தாங்கணும். இப்ப உங்க மூச்சு பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வேலை செய்யுது. இந்த நெலமையில மேசையில படுக்க வச்சா, எழுந்திரிப்பீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்போ?"

"நாலு வாரம் டைம். புகை, இன்னிலேர்ந்து ஒரு இழுப்பு கூடாது. மூச்சுப் பயிற்சி செய்யணும். நாலு வாரம் கழிச்சு இந்தக் கட்டடத்துல கீழேர்ந்து நாலாவது மாடி வரைக்கும் நிக்காம ஏறணும். ஏறினீங்கன்னா வெட்டலாம். இல்லன்னா மருந்து மட்டும்தான். கட்டி காத்திருக்காது." அவர் சீட்டைப் பார்த்தார். "இன்ஷிராஹ்னு பேரு வச்சிருக்காங்க, நெஞ்சு விரியவே மாட்டேங்குதே!"

"பேரு வச்சது எங்கப்பன், டாக்டர். கபரஸ்தான் மண்ணுக்குள்ள இருக்காரு. போய்க் கேட்டுட்டு வாங்க."

டாக்டர் மீசைக்குள் சிரித்தார். பக்கத்தில் இருந்த கணவர் ஷஹ்ஹாத் சிரிக்கவில்லை.

ஷஹ்ஹாத் முப்பத்தைந்து வருடம் ட்ராமில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாமல் ஏறியவனைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்து, அடுத்த ஸ்டாப்பில் காலரைப் பிடித்து இறக்கிவிட்டவர். வேலை போனாலும் சீட்டில் ஓட்டை போடும் அந்த இரும்புக் கவ்வி சட்டைப்பையை விட்டுப் போகவில்லை. வீட்டில் ஒரு பெட்டி நிறையப் பழைய சீட்டு வேறு வைத்திருந்தார்.

மூச்சுப் பயிற்சிக்கு டாக்டரம்மா இரினியிடம் அனுப்பினார்கள். ஒல்லியாக, நெற்றியில் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, எதற்கும் அசராத பெண். ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுத்தாள். பக்கத்தில் பக்கத்தில் மூன்று கண்ணாடிக் கூண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பந்து, ஒரு ஓரத்தில் குழாய்.

"உறிஞ்சணும்மா. ஊதக் கூடாது. வயித்துல கை வச்சுக்கோங்க, வயிறு முன்னால வரணும். மெதுவா, நீளமா இழுங்க. மொதல் பந்து எழும்பும், அப்புறம் ரெண்டாவது. மேலேயே நிறுத்தி மூணு எண்ணணும். முழிச்சிருக்கற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து தடவ."

அந்த அறையில் காத்திருந்த ஏழெட்டுப் பெண்களில் இரண்டு பேர் அவளிடம் உடுப்பு எடுத்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். "நம்ம குலவைக்காரம்மா! மூணு பந்தும் கூரைக்குப் போயிடும் பாரு!" என்று ஒருத்தி சொன்னாள். இன்ஷிராஹ் கழுத்தை நிமிர்த்தி, குழாயை வாயில் வைத்து இழுத்தாள்.

முதல் பந்து லேசாக ஆடியது. எழும்பவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். ஆடியது, அவ்வளவுதான். மூன்றாம் தடவை இருமல் வந்துவிட்டது. ஒருத்தி தன் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். இன்ஷிராஹுக்கு முகமெல்லாம் எரிந்தது. புற்று என்று சொன்னபோதுகூட இத்தனை அவமானமாக இல்லை.

ஷீஷாவை அன்றே தூக்கி மொட்டை மாடியில் போட்டாள். அதில் ஏமாற்று இல்லை, நிஜமாகவே விட்டுவிட்டாள். ஆனால் பந்து? பந்து நகரவில்லையே. மறுநாள் காலை, ஷஹ்ஹாத் அவித்த பீன்ஸ் வாங்கப் போயிருந்தபோது, கோபத்தில் கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்து ஒரு ஊது ஊதினாள். மூன்று பந்தும் ஜிவ்வென்று எழும்பி மேலே முட்டிக்கொண்டு நின்றன. நாற்பது வருடம் குலவை போட்ட வாய். உள்ளே இழுக்கத்தான் வரவில்லையே தவிர, இருக்கிற கொஞ்சம் காற்றை வெளியே தள்ளுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. பந்துகளைப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. சரி, இப்படியே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்துவிட்டாள்.

ஷஹ்ஹாத் திரும்பி வந்ததும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "மூணும் மேல போயிடுச்சுய்யா!" என்றாள்.

"எங்க காட்டு."

"மூச்சு விடற எடத்துல ஆம்பளைக்கு என்ன வேலை? டாக்டரம்மா தனியா செய்யச் சொல்லிருக்காங்க."

மனிதர் நம்பினார். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பழைய ட்ராம் சீட்டில் ஓட்டை போட்டார். பத்து ஓட்டை ஆனால் ஒரு சீட்டு முடிந்தது. முடிந்த சீட்டுகளை நூலில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டார். காப்பிக் கடையில், மீன் சந்தையில், பள்ளிவாசல் வாசலில் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம், "மூணு பந்துப்பா! நேத்து எட்டு சீட்டு! அவ நெஞ்சு இரும்பு!" என்று பீற்றிக்கொண்டார். டிக்கெட் இல்லாமல் ஏறியவனைக் கண்ணைப் பார்த்தே பிடித்த மனிதருக்குச் சொந்த வீட்டில் கண் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து இரினி வரச் சொன்னாள். ஷஹ்ஹாத் சீட்டுச் சரத்தைக் கையோடு எடுத்து வந்திருந்தார். இரினி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பலே!" என்றாள். பிறகு கருவியைக் கையில் எடுத்தாள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டாள்.

"இது என்னம்மா, ரெண்டாவது கூண்டுக்குள்ள?"

"தூசா இருக்கும், கண்ணு."

"தூசு இல்ல. எள்ளு."

இன்ஷிராஹ் காலையில் எள் ஒட்டிய ரொட்டி வளையம் சாப்பிடாத நாள் கிடையாது. அதை அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அவள் துப்பட்டாவே சொன்னது.

இரினி நிதானமாகக் கேட்டாள். "உறிஞ்சினா எள்ளு உங்க வாய்க்குள்ளதான் போகும். உள்ள எப்படிம்மா போச்சு?"

"அது... காத்துல பறந்து..."

"கவுத்துப் பிடிச்சு ஊதினீங்க."

ஷஹ்ஹாத் முதலில் எள்ளைப் பார்த்தார். அப்புறம் இரினியைப் பார்த்தார். அப்புறம் தன் கையிலிருந்த சரத்தைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவர் முகத்தில் விஷயம் இறங்கியது. சரத்தை மேசை மேல் மெதுவாக வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"இன்னும் ரெண்டே வாரம்மா," என்றாள் இரினி. திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும். "என்ன ஏமாத்தலாம். பெரிய டாக்டர ஏமாத்தலாம். மாடிப்படிய கவுத்துப் பிடிக்க முடியுமா?"

வீட்டுக்கு வந்தும் ஷஹ்ஹாத் வாயைத் திறக்கவில்லை. அவள் மீன் வறுத்து வைத்தாள், தொடவில்லை. "ஒரு எள்ளுக்காகவாய்யா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று சீண்டிப் பார்த்தாள். "நல்லா திட்டேன்யா, கண்டக்டர்! வாய்ல என்ன கொழுக்கட்டையா?" ம்ஹும். கடைசியில் அவரே பேசினார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"முப்பத்தஞ்சு வருஷம். டிக்கெட் இல்லாதவன ஒருத்தன விட்டதில்ல, எறக்கிட்டுத்தான் மறுவேல. உன்ன எறக்க முடியலயேடி. நீ எறங்கிட்டா, காலி வண்டியில நான் யாருக்குடி டிக்கெட் கிழிக்கறது?"

இன்ஷிராஹ் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொல்லக் கூடாது என்று இரண்டு வருடமாக வைத்திருந்ததைச் சொன்னாள்.

"மொதல் பந்துகூட நகரலய்யா. அத்தன பேர் முன்னால. அது மட்டும் இல்ல. என் குலவையே ரெண்டு வருஷமா பொய். தொடங்கறப்ப சத்தமா தொடங்குவேன். நடுவுல மூச்சு நின்னுடும். கையால வாய மூடிட்டு நாக்க மட்டும் ஆட்டுவேன், சத்தமே வராது. கூட்டத்துல மத்தவளுங்க போடறதுல அது மறஞ்சுடும். மூச்சு வந்ததும் கடைசில போய் ஒட்டிக்குவேன். யாருக்கும் தெரியாது. உறிஞ்ச ஆரம்பிச்சா எனக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்னு பயம். செத்துப் போறதுக்குக்கூட இத்தன பயமில்ல எனக்கு."

ஷஹ்ஹாத் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மீனையும் சாப்பிட்டார், ஆறிப்போனதைத்தான்.

ஆனால் ரகசியம் காக்கிற ஆளா அவர்? மறுநாள் காலையில் இன்ஷிராஹ் கடையைத் திறக்கும்போது பஹிகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு கையில் புத்தம் புதிதாக மூன்று பந்துக் கருவி.

"யாருக்கும் தெரியாதாமே! ரெண்டு வருஷமா நீ விட்ட ஓட்டைய யாருடி அடச்சான்னு நெனச்ச? ஜின்னு பூதம் வந்து போட்டுச்சா?"

இன்ஷிராஹ் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"நீ நிறுத்தற எடம் எனக்கு மனப்பாடம்டி. நீ நாக்க ஆட்ட ஆரம்பிச்ச உடனே நான் எடுத்துக்குவேன். நீ திரும்ப வந்ததும் விட்டுடுவேன். எத்தன கல்யாணம்! தொண்டை எனக்குப் புண்ணாச்சு, பேரு உனக்குப் போச்சு!"

"ஏன்டி செஞ்ச?"

"ஏனா? நீ கவுந்தா அப்புறம் நான் யாரோட சண்ட போடறது? இந்தத் தெருவுல வேற எவ இருக்கா எனக்குச் சமமா?" பஹிகா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பேச்ச விடு. உக்காரு. இழு."

இப்படித்தான் அந்த இரண்டு வாரம் ஆரம்பமானது. ஒவ்வொரு மணி நேரமும் பஹிகா, தலையில் சாயம் பூசிய வாடிக்கையாளரை அப்படியே உட்கார வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். இரண்டு கடைக்கும் நடுவில் இரண்டு நாற்காலி போட்டு, இரண்டு பேரும் குழாயும் வாயுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஷஹ்ஹாத் இரண்டு கருவியிலும் கறுப்பு மையால் 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதிவிட்டு, நேருக்கு நேராகக் குந்தி உட்கார்ந்து கண் சிமிட்டாமல் பார்ப்பார். பழைய சீட்டுகளெல்லாம் செல்லாது என்று அறிவித்து, புதிய கட்டு ஒன்றைத் திறந்திருந்தார்.

முதல் நாள் பஹிகா இரண்டு பந்து தூக்கினாள். இன்ஷிராஹுக்கு ஒன்று ஆடியது.

"வாயால உறிஞ்சறடி நீ. கன்னம் குழியுது, வயிறு அசையவே இல்ல. கரி ஈரமா இருந்தா ஷீஷாவ எப்படி இழுப்ப?"

"அந்தப் பேச்ச எடுக்காத. டாக்டர் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

"புகைய யாரு குடிக்கச் சொன்னா? இழுப்பச் சொல்றேன். அடம் பிடிக்கற கரிய எப்படி இழுப்ப? அவசரப்பட்டு இழுத்தா அணஞ்சு போகும். அடி வயித்துலேர்ந்து, மெதுவா, விடாம, அது கனியற வரைக்கும். அந்தப் பந்தக் கரின்னு நெனச்சுக்கோ."

இன்ஷிராஹ் கண்ணை மூடிக்கொண்டாள். வயிற்றில் கை வைத்தாள். அடம் பிடிக்கிற கரியை நினைத்து இழுத்தாள். பந்து எழும்பியது. பாதி வரைக்கும் வந்து, நடுங்கி, விழுந்தது.

"கிளிக்!" என்று வாயாலேயே சொல்லிக்கொண்டு ஷஹ்ஹாத் சீட்டில் ஓட்டை போட்டார்.

அந்த வழியாகப் போன மீன்காரன் நின்று, "என்ன வாசனைம்மா இது? ஆப்பிளா, திராட்சையா?" என்று கேட்டான். "உன் மாமியா வாசனை, போடா!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இருபத்திரண்டு வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும். இரினி இந்தக் கரி விஷயத்தைக் கேள்விப்பட்டு முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இன்ஷிராஹ் இழுக்கிறதை நேரில் பார்த்துவிட்டு, "இழுப்பு சரியாத்தான் இருக்கு. வெளிய மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள்.

ஐந்தாம் நாள் முதல் பந்து மேலேயே நின்றது. ஒன்பதாம் நாள் இரண்டாவது எழும்பியது. அதற்குள் இருமலும் தணிந்து, நெஞ்சுச் சளி கரைந்து, மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போகிறவள் நடுவில் ஒரு தடவைதான் நின்றாள். மூன்றாவது பந்து கடைசி வரைக்கும் அசையவில்லை. "அது எனக்கும் அசையலடி, அத விடு," என்றாள் பஹிகா.

சோதனை நாள் வந்தது. இரினி முன்னால் ஏறினாள். இன்ஷிராஹ் கைப்பிடியைத் தொட்டும் தொடாமலும் பின்னால் ஏறினாள். ஷஹ்ஹாத் கீழேயே நின்றுவிட்டார், பார்க்கிற தைரியம் இல்லை. பஹிகா மட்டும், யாரும் கூப்பிடாமலேயே, தொண தொணவென்று பேசிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

முதல் மாடி சுலபம். இரண்டாவதில் கால் கனத்தது. மூன்றாவது மாடி திருப்பத்தில் இன்ஷிராஹுக்குக் காது அடைத்தது, கை தானாகவே கைப்பிடியை இறுக்கியது. அந்த நேரம் பார்த்துப் பின்னால் பஹிகா தொப்பென்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"போடி... என்னால முடியல. சீவன் போகுது. நீயும் உக்காரு."

இன்ஷிராஹ் திரும்பிப் பார்த்தாள். தன்னைவிட எட்டு வயது சின்னவள், புகை என்றால் மூக்கைப் பொத்துகிறவள், படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறாள். இதைத் தெருவில் போய்ச் சொல்லாமல் செத்துப் போவதா? வயிற்றிலிருந்து ஒரு இழுப்பு இழுத்தாள். மேலே ஏறினாள். நாலாவது மாடியில் இரினி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பஹிகா உண்மையிலேயே முடியாமல் உட்கார்ந்தாளா, வேண்டுமென்றே உட்கார்ந்தாளா? அதை அவளிடம் கேட்டுவிட்டு முழுசாகத் திரும்பிய ஆள் பஹரியில் கிடையாது.

அறுவை நடந்தது. நல்லபடியாக நடந்தது. மேல் பாகத்தை எடுத்துவிட்டு, விலாப் பக்கம் ஒரு குழாய் வைத்துத் தைத்திருந்தார்கள். ஆனால் கண் விழித்த இன்ஷிராஹ் பழைய இன்ஷிராஹ் இல்லை. மூச்சு இழுத்தால் விலாவில் கத்தி வைத்த மாதிரி வலித்தது. ஆகவே அவள் மேலோட்டமாக, பூனைக்குட்டி போல் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள். கருவியைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மிச்சம் இருக்கற பாகம் விரிஞ்சு அந்த எடத்த நெரப்பணும்மா," என்று இரினி தலையணையை அவள் நெஞ்சில் வைத்துக் கட்டிப்பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். "இதக் கட்டிக்கிட்டு இழுங்க, இருமுங்க. விரியலன்னா சளி கட்டும், காய்ச்சல் வரும். ஆபரேஷன் ஜெயிச்சும் நாம தோத்துடுவோம்."

"நாளைக்கு."

மூன்றாம் நாளும் நாளைக்குத்தான். உடம்பு லேசாகச் சுட ஆரம்பித்தது. காலையில் எடுத்த படத்தைப் பார்த்து மீசைக்கார டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ஷஹ்ஹாத் கட்டிலருகே கவ்வியையும் ஓட்டையில்லாத சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை அவர் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

பிற்பகல் பார்வையாளர் நேரத்தில் பஹிகா வந்தாள். தலைமுடிக்குப் புதிதாக மருதாணிச் சிவப்பு. படுக்கையில் கிடப்பவளை ஒரு பார்வை பார்த்தாள், ஒரு கணம் முகம் கோணியது, உடனே சரிசெய்துகொண்டாள்.

"மீன்காரன் சின்ன மகளுக்குக் கல்யாணம் ஆச்சு. உன் ஏழாம் நம்பர் உடுப்ப எடுத்துக் குடுத்தேன். முக்காட்ட நாந்தான் மாட்டினேன். குலவையும் நாந்தான். இனிமே எல்லாம் நாந்தான்னு தெருவுல பேசிக்கறாங்க."

இன்ஷிராஹ் கண்ணைத் திறக்கவில்லை.

பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு அன்றைக்கு வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்திருந்தது. மகள்கள் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். "நல்ல காரியமாச்சே! சும்மா அனுப்பலாமா?" என்று பஹிகா எழுந்தாள். வார்டு நடுவில் நின்றாள். வாயருகே கையைக் குவித்தாள். குலவையைத் தொடங்கினாள்.

வார்டு அதிர்ந்தது. நர்ஸ் ஒருத்தி வாசலில் தோன்றினாள். குலவை உயர்ந்துகொண்டே போய், போய், சரியாக ஒரு இடத்தில், பஹிகா சட்டென்று நிறுத்தினாள். கை வாயருகே இருந்தது. நாக்கு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை.

அந்த இடம் எது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

இன்ஷிராஹ் கண்ணைத் திறந்தாள். குலவை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பஹிகா அவளையே பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் நாக்கை ஆட்டிக்கொண்டு, காத்திருந்தாள். நாற்பது வருடத்தில் ஒரு குலவையை யாரும் அப்படிப் பாதியில் விட்டு இன்ஷிராஹ் பார்த்ததில்லை. அவளால் தாங்க முடியவில்லை. தலையணையை இழுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டாள். அடி வயிற்றிலிருந்து, மெதுவாக, விடாமல், கரி கனிகிற வரைக்கும் இழுத்தாள். வலியில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கொட்டட்டும் என்று இன்னும் இழுத்தாள். பிறகு விட்டாள்.

சின்னக் குலவைதான். கரகரத்த குரல். ஆனால் இடைவெளியை முழுசாக அடைத்தது. மறுமுனையில் பஹிகா எடுத்துக்கொண்டாள். உடனே இன்ஷிராஹுக்கு ஒரு பெரிய இருமல் வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. மூன்று நாளாகக் கட்டிக் கிடந்த சளியெல்லாம் பாத்திரத்தில் வந்து விழுந்தது. கத்துவதற்காக ஓடிவந்த நர்ஸுக்கு முன்னால் இரினி வந்து நின்றுகொண்டாள். "ஒண்ணும் சொல்லாத," என்றாள். "இன்னொரு தடவ போடச் சொல்லு."

பஹிகா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "சாயம் கண்ணுல பட்டுடுச்சு," என்றாள். யாரும் கேட்கவே இல்லை.

அன்று மாலைக்குள் ஷஹ்ஹாத்தின் கையில் ஒரு சீட்டு முடிந்து, அடுத்ததில் நான்கு ஓட்டை.

மறுநாள் காலையில் மீசைக்கார டாக்டர் புதுப் படத்தோடு வந்தார். "விரிஞ்சுடுச்சு," என்றார். "பேரக் காப்பாத்திட்டீங்க." படத்தைக் கட்டில் மேல் வைத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார்.

ஷஹ்ஹாத் படத்தை எடுத்தார். சந்தேகமான டிக்கெட்டை எப்படிப் பார்ப்பாரோ அப்படி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கம் திருப்பி அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். எந்தப் பக்கம் மேலே என்று சரிபார்த்தார். கறுப்பாக, அகலமாக, காற்று நிரம்பியிருந்த அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கவ்வியை எடுத்து, படத்தின் மூலையில் ஓர் ஓட்டை போட்டார்.

"யோவ்! ஆஸ்பத்திரி படம்யா அது!" என்றாள் இன்ஷிராஹ்.

"செல்லும்," என்றார் ஷஹ்ஹாத்.

"எதுவரைக்கும் செல்லும்?"

"கடைசி ஸ்டாப் வரைக்கும்," என்றார் அவர். "நல்லா சாஞ்சு உக்காரு."